ஒன்பதாவது கட்டை

காப்பிக் கோப்பையை அந்தப் பியானோவின் மேல் மட்டும் வைக்காதீர்கள், தம்பி. வேறு எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். போன வருஷம் என் மனைவி லெனோர் வைக்கப் போய், கோப்பை கைநழுவி, காப்பி உள்ளே கொட்டி, தந்தியெல்லாம் துருப்பிடித்துவிட்டது. பாவம், அவளைக் குறை சொல்லி என்ன பயன்? இப்போது கூடத்தில் இன்னொரு பியானோவில் வாசிப்பது அவள்தான். நன்றாக இருக்கிறது, இல்லையா?

லெனோரின் அக்கா பெர்னீஸ் அமர்த்திய வக்கீல் நீங்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு ஆரம்பத்திலிருந்தே என்னைக் கண்டால் ஆகாது. கலிபோர்னியாவில் மழை பெய்யாவிட்டாலும் அதற்கு இந்த வெண்டல்தான் காரணம் என்பாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது சரி. அதனால்தான் உங்களை வாசலோடு அனுப்பாமல் உள்ளே உட்கார வைத்திருக்கிறேன்.

பழைய திகில் படங்களின் இசையைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றி எழுதுவது என் தொழில். ஸ்டூடியோவில் எழுபது பேர் கூடி வாசித்ததைப் பத்து விரலுக்குள் அடக்க வேண்டும். அந்தப் பத்து விரலும் யாருடையவை என்று தெரியாமல் எழுதுகிறவன் மடையன். தையற்காரன் அளவெடுப்பதுபோல லெனோரின் கையை நான் அளந்து வைத்திருந்தேன். சின்னக் கை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை நன்றாக விரித்தால் எட்டுக் கட்டை அகப்படும், அவ்வளவுதான். பல சுரங்களை ஒன்றாக அமுக்கும் பெரிய சுரக்கூட்டம் வந்தால் அவளுக்காக உடைத்து எழுதுவேன். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று மேலே எண்ணும் போட்டுக் கொடுப்பேன். அந்த எண்ணை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. அப்படி ஒரு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இங்கே க்ளெண்டேலில், பெல்மோர் தியேட்டரில் அவள் கச்சேரி. ஜனங்கள் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு, கொலைகாரன் மாடிப்படி ஏறும் இசைக்குச் சந்தோஷமாகப் பயந்துவிட்டுப் போவார்கள். வீட்டில் பயிற்சி நடக்கும்போது பெர்னீஸ் சமையலறையிலிருந்து கத்துவாள். "ஒரு முட்டை பொரிக்க முடியலடி இந்த வீட்டுல. கதவுக்குப் பின்னாடி எவனோ கத்தியோட நிக்கிற மாதிரியே இருக்கு." லெனோர் வாசிப்பதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு நியூயார்க்கிலிருந்து ஸ்டான்டன் என்று ஒரு கச்சேரி ஏஜெண்ட் வந்தார். லெனோரை நாடு முழுக்க அழைத்துப் போகப் போகிறாராம். பளபளவென்று ஷூ, வாய் நிறையப் பல். அவர் கொண்டுவந்த மாதிரிப் போஸ்டரில் அவள் பெயர் அரை அடி உயரத்துக்கு இருந்தது. என் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. லெனோர் என் தோளில் கை வைத்தாள்.

"நீ எதுக்கு ஊர் ஊரா அலையணும், வெண்டல்? வீட்டுல இருந்தபடியே எழுதி அனுப்பு, போதும்."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

திகில் இசையில் ஒரு சூட்சுமம் உண்டு. பயம் சத்தத்தில் இல்லை, தம்பி. சின்ன இசைத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் கொஞ்சம் அகன்றிருக்கும். கேட்கிறவனுக்கு எப்போது அகன்றது என்றே தெரியாது. பயணத்துக்கென்று நான் எழுதிக் கொடுத்த பாட்டிலும் அதைத்தான் செய்தேன். வலது கையில் எட்டுக் கட்டை. திருத்தி எழுதியபோது ஒன்பது. இன்னொரு திருத்தத்தில் பத்து. இரண்டு கட்டைகளை மாறி மாறி வேகமாக அடிக்கும் நடுக்கத்தையெல்லாம் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தள்ளி, மேலே எண் போட்டேன். அந்த இரண்டுதான் கையிலேயே சோனியான விரல்கள்.

ஒருநாள் அவள் கையை உதறிக்கொண்டே வந்தாள். "இந்த எடத்துல மட்டும் வெரலை மாத்திப் போட்டுக்கட்டுமா? மணிக்கட்டு வரைக்கும் சுள்ளுன்னு இழுக்குது."

"மாத்தினா அந்தப் பயமே போயிடும், கண்ணு," என்றேன். "இன்னும் கொஞ்சம் வாசி. பழகிடும்."

வாசித்தாள். வெந்நீரில் கையை முக்கி எடுத்துவிட்டு மறுபடி வாசித்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான்தான்.

ஸ்டான்டன் வந்து உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் நடுவே அந்த இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. பிறகு நிமிரவே இல்லை. வாசிப்பு அப்படியே நின்றது. தியேட்டர் மூச்சுவிடாமல் காத்திருந்தது. பாட்டில் அப்படி ஓர் இடம் என்று நினைத்து, கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு நல்ல ரசிகர்களை நான் பார்த்ததில்லை. அன்று அந்தக் கைதட்டலைக் கேட்டு என் மனசு நிறைந்துபோயிற்று.

டாக்டர் வலது கையை மறந்துவிடச் சொன்னார். ஸ்டான்டன் பூங்கொத்து அனுப்பிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். லெனோருக்குத் தலை வாரிவிடுவது, பொத்தான் போட்டுவிடுவது, இறைச்சி நறுக்கிக் கொடுப்பது எல்லாம் நான்தான். முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பெர்னீஸ் என் பழைய தாளையும் திருத்திய தாளையும் ஒப்பிட்டு விஷயத்தைக் கண்டுபிடித்துத் தங்கையிடம் போட்டுடைத்தாள். லெனோர் நம்பவில்லை. அக்காவை வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள். நீங்கள் போய்ச் சொன்னாலும் அதுதான் நடக்கும். தாராளமாகச் சொல்லிப் பாருங்கள். கடினமான பாட்டு எழுதியவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள்?

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. "எடது கைக்கு மட்டும் ஏதாவது எழுதிக் குடேன், வெண்டல்," என்று அவளேதான் கேட்டாள். இப்போது கேட்கிறீர்களே, இவ்வளவும் ஒரே கை. யாராலாவது நம்ப முடியுமா? போன வாரம் ஸ்டான்டன் மறுபடி போன் செய்தார். ஒற்றைக் கைக்காரிக்குத் தேசம் முழுக்கக் கூட்டம் வருமாம்.

இதோ, இந்த இடத்தைக் கேளுங்கள். இப்போதைக்கு எட்டுக் கட்டைதான். ஒன்பதை எழுதி வைத்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். அவள் கை மேல் என்னைவிட அக்கறை வேறு யாருக்கு இருக்கிறது?