நிரம்பிக் கிடந்த அஞ்சல்பெட்டி காலியானது பற்றி

ஆலப்புழை தோணிக்கடவைச் சேர்ந்த வர்க்கி மகன் ஷாஜன், வயது நாற்பத்தாறு, கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துபவர், காவல் நிலையத்தில் நேரில் வந்து சொன்னது:

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். குரியாக்கோஸ் மகன் பினுவைக் கல்லூரிக் காலம் தொட்டு எனக்குத் தெரியும். பினு இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. அவருடைய மின்னஞ்சலை நான் திருட்டுத்தனமாகத் திறந்ததாகவும், அவர் மனைவி ஷைனியின் மனதைக் கெடுத்ததாகவும் பினுவின் அண்ணன் அவராச்சன் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்ததால் இதைச் சொல்கிறேன். நான் எதையும் திறக்கவில்லை. வாசலில் நின்று கேட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சங்கம் ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு கூடி, புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவோம். அதற்கு மின்னஞ்சலில் அழைப்பு அனுப்புவது என் வேலை. இல்லாத முகவரிகளுக்கு ஓயாமல் அனுப்பினால் எங்களைக் குப்பை அஞ்சல்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அனுப்புமுன் கருப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்துச் சரிபார்ப்பேன். என் கணினி ஒவ்வொரு முகவரிக்கும் உரிய நிறுவனத்தின் கணினியிடம் போய், இன்னாருக்குக் கடிதம் இருக்கிறது, வாங்கிக்கொள்வாயா என்று கேட்கும். பதில் வந்ததும் கடிதத்தைக் கொடுக்காமலே திரும்பிவிடும். கதவைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளைகள் செய்வதுதான். இந்த நிரலை எழுதியவரே பினுதான். அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்தாலொழிய யார் பெயரையும் எடுக்கக்கூடாது என்பதும் அவர் வைத்த விதி.

பினு போன சில மாதங்களில் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. அதன் பிறகு மாதாமாதம் ‘பெட்டி நிறைந்துவிட்டது’ என்றே பதில் வரும். எனக்கு அது பழகிப்போயிற்று.

சென்ற வாரம் காயலில் ஒரு ஆண் பிணம் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. அவராச்சன் உயரத்தையும் பல்லையும் பார்த்துத் தம்பிதான் என்று எழுதிக்கொடுத்தார். மரபணுச் சோதனைக்கு மாதக்கணக்காகும், மனைவியும் ஒப்புக்கொண்டால் உடலை வாங்கிவிடலாம் என்று பேச்சானது. ஷைனி பிணவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எதிலும் கையெழுத்துப் போடாமல் திரும்பினார். சர்ச் கல்லறையில் குழியும் வெட்டியாகிவிட்டது.

அதன் பிறகு, வழக்கம்போல அழைப்புக்காக நான் கட்டளை கொடுத்தபோது, பினுவின் முகவரிக்கு ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று பதில் வந்தது. இதென்னடா கூத்து என்றுதான் தோன்றியது. ஒருவேளை நிறுவனமே பழைய பெட்டிகளையெல்லாம் காலி செய்திருக்குமோ என்று, இறந்துபோன எங்கள் உறுப்பினர் டாக்டர் ஒருவருக்கு அதே நிறுவனத்தில் இருந்த முகவரியைத் தட்டிப் பார்த்தேன். அது அப்படியே நிரம்பிக் கிடந்தது. ஆகவே பினுவின் பெட்டியை யாரோ உட்கார்ந்து காலி செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு ஷைனியிடம் போய்ச் சொன்னேன். கடவுச்சொல் தனக்கே தெரியாது, வேறு யாருக்கும் தெரிய வழியில்லை என்றார். பிறகு கேட்டார்: “சேட்டா, பெட்டியைக் காலி பண்ணவரு இன்னிக்கும் உசுரோட இருக்காருன்னு உங்களால சொல்ல முடியுமா?”

முடியாது என்றேன். போன மாதம் நான் தட்டியதற்கும் இப்போது தட்டியதற்கும் இடையில் என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்திருக்கலாம். அதற்குப் பின்பு தண்ணீரில் விழுந்திருக்கவும் கூடும். இதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

“அப்போ எழுதிக் கேட்டுருங்க. நான் கேட்டேன்னு மட்டும் எழுதாதீங்க.”

அன்றே எழுதினேன். பினு, நாளை மறுநாள் ஒரு பிணத்தை உன் பெயரில் புதைக்கப்போகிறார்கள். எனக்குப் பதில் வேண்டாம், காலையில் உன் நிரலை ஓட்டிப் பார்ப்பேன், அதிலேயே தெரியும்படி ஏதாவது செய் என்று மட்டும் எழுதினேன்.

காலையில் ஓட்டினேன். ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று வந்தது. அதன் பிறகு அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து விசாரித்ததில், கடவுச்சொல்லைப் போட்டு உரியவர் கேட்டாலன்றித் தாங்கள் எந்தக் கணக்கையும் மூடுவதில்லை, மேற்கொண்டு தகவல் வேண்டுமானால் போலீஸ் கடிதம் வேண்டும் என்றார்கள். அதை இப்போது ஸ்டேஷனிலிருந்து கேட்டிருப்பதாக அறிகிறேன். பினு ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை. கேட்கத்தான் இனி முகவரி இல்லை.

ஷைனி வீட்டுக்கு நான் போனபோது அவர் கரிமீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டும் கை நிற்கவில்லை. முழு மீனையும் கழுவி முடித்த பிறகே பேசினார்.

“கணக்கை மூட நேரம் இருந்திருக்கு. எனக்கு ஒரு வரி எழுத நேரமில்ல.”

எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. அதன் பிறகு அவர் புடவை மாற்றிக்கொண்டு என்னுடன் ஸ்டேஷனுக்கு வந்தார். அங்கே இருந்த அவராச்சன், குழி வெட்டியாகிவிட்டது, சர்ச் அச்சனுக்குச் சொல்லியாகிவிட்டது, இந்தக் கம்ப்யூட்டர்காரன் பேச்சைக் கேட்டு ஊர் சிரிக்கும்படி செய்யாதே என்று ஷைனியைச் சத்தம் போட்டார். ஷைனி, இன்ஸ்பெக்டர் நீட்டிய ஒப்புதல் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்து, என் முன்னிலையில் சொன்னது:

“சாரே, அது என் ஆளில்ல. அந்த மனுஷனுக்கு ஏதோ ஒரு வீட்டுல சோறு எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அது எனக்குத் தெரியும். அவங்களைத் தேடிக் கண்டுபிடிங்க.”

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் ‘காலஞ்சென்ற பினு’ என்றிருந்ததை என் வேண்டுகோளின்படி அடித்து, பக்கத்தில் என்னிடம் கையொப்பம் வாங்கினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. நான் கண்டதும் செய்ததும் இவ்வளவே, உண்மையே.

(ஒப்பம்)
வ. ஷாஜன்