வெட்டிப் போட்ட மூச்சு

விடிவதற்கு முந்தைய இருட்டு. மணி நாலு இருக்கும். ஊரை விட்டு விலகி வானொலி நிலையத்துக்குப் போகும் சாலை... இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். அதற்குள் ஒரே ஒரு ஆள். என் சிநேகிதியின் அண்ணன்.

நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் வருகிறபோது வரட்டும். அந்த மெழுகுவர்த்தியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிறகு கதைக்குப் பயப்படவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தோம் என்பீர்கள்.

காரில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தின் அலைவரிசைதான். ஆனால் ஒலிபரப்பு இன்னும் தொடங்கவில்லை. தொடங்கவும் முடியாது. அன்றைக்குத் தொடங்கி வைக்க வேண்டியவரே இவர்தான். சாவி இவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால் வெறும் இரைச்சல். உஸ்ஸ்ஸ்... என்று. அதை அவர் அணைக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் இருந்து கிளம்பி வருகிறவருக்கு அந்த இரைச்சலும் ஒரு துணைதானே.

சட்டென்று இரைச்சல் நின்றது.

பிறகு... யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"யாருக்கா அது?" என்று தம்பி இப்போதே கேட்கிறான் பாருங்கள். பொறுடா. ஆளைச் சொல்லாமல் மூச்சை மட்டும் சொன்னால் உனக்கு என்ன விளங்கும்?

அண்ணனுக்கு நிலையத்தில் 'கத்தரி' என்று பெயர். ஒலிப்பதிவாளர். அவர் மனைவி, அதாவது என் சிநேகிதியின் அண்ணி, அதே நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்தியவர். நேயர்களின் கடிதங்களை வாசித்து, அவர்களுடைய வீட்டுக் கவலைகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி. முந்தின நாள் மத்தியானம் அண்ணி பேசுவார், அண்ணன் பதிவு செய்வார். பிறகு உட்கார்ந்து வெட்டுவார். இருமலை வெட்டுவார், தடுமாற்றத்தை வெட்டுவார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மூச்சை வெட்டுவார்.

நாமெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறோம் இல்லையா? நமக்கு அது தெரிவதில்லை. மைக்குக்குத் தெரியும். கணினித் திரையில் குரல் மலை மலையாக விழும். ஒவ்வொரு மலைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். அந்த மேடுதான் மூச்சு. மற்ற ஒலிப்பதிவாளர்கள் அதைக் கொஞ்சம் தணித்துவிட்டுப் போய்விடுவார்கள். கத்தரி அண்ணன் விடமாட்டார். ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிவார். களை பிடுங்குகிற மாதிரி. "அம்மா மூச்சே விடாம என்ன அழகா பேசுறாங்க!" என்று நேயர்கள் எழுதுவார்கள். அண்ணனுக்குப் பெருமை தாங்காது.

அண்ணி கேலி செய்வார். "வீட்லயாவது என்னை மூச்சு விட விடுங்க" என்பார். எனக்கு அந்த அண்ணியை ரொம்பப் பிடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாயில் ஒரு புதினா மாத்திரையை ஒதுக்கிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வாசனை நம் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

கடைசி வருஷத்தில் அந்தச் சின்ன மேடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அண்ணன் கவனிக்காமல் இல்லை. வெட்டுகிற வேலை கூடிப்போயிற்று என்பது வரைக்கும் கவனித்தார்.

"என்ன இன்னிக்கு இப்படி மூச்சு வாங்குற?"

"மாடி ஏறி வந்தேன்ல, அதான்."

"கொஞ்சம் உக்காந்துட்டுப் பேசக் கூடாதா? எனக்குத்தான் வேலை கூடுது."

இவ்வளவுதான் பேச்சு. வெட்டினார். குப்பையில் போட்டார். மறுநாள் காலையில் அண்ணி மூச்சே விடாமல் ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னார்.

கடைசியில் டாக்டர் கேட்டார், எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று. "போன வாரத்துலேருந்துதான்" என்றார் அண்ணி. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாள் தவறாமல் கண்ணாலேயே பார்த்தவர் அவர். ஆனால் அதற்குள் அண்ணியின் நெஞ்சு நோய் கைமீறிப் போயிருந்தது. அடுத்த மாதம் அண்ணி இல்லை.

அதற்கப்புறம் அண்ணன் நிலையத்தில் இருந்த பழைய பதிவுகளையெல்லாம் போட்டுப் போட்டுக் கேட்டார். குரல் இருந்தது. எத்தனையோ மணி நேரம் இருந்தது. மூச்சு ஒன்றுகூட இல்லை. வெட்டிய துண்டுகள் எப்போதோ அழிந்துபோயிருந்தன. ஒரே ஒரு மூச்சாவது தப்பித்திருக்காதா என்று அந்த மனிதர் மாதக்கணக்கில் தேடினார். தன் வேலையில் தானே ஒரு பிழை கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"வீட்ல எடுத்த வீடியோ எதுவும் இல்லையாக்கா?" சரியான கேள்வி. இருந்தது. எல்லாவற்றிலும் பாட்டும் கூச்சலும்தான். அண்ணி கேமராவைக் கண்டாலே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிற ஆள்.

என் சிநேகிதியிடம் ஒருநாள் அண்ணன் சொன்னாராம்: "அவ பேசினது பூரா எங்கிட்ட இருக்கும்மா. அவ உசுரோட இருந்ததுதான் இல்ல." அன்றைக்கு அவளும் நானும் போனிலேயே அழுதோம்.

சரி, சாலைக்கு வருவோம். நேயர்கள் கேட்டுக்கேட்டு, அண்ணியின் பழைய நிகழ்ச்சிகளை மறுபடி ஒலிபரப்ப முடிவு செய்திருந்தார்கள். அன்றுதான் முதல் நாள். காலைப் பணியை அண்ணன் தானே கேட்டு வாங்கியிருந்தார்.

காரில் அந்த மூச்சு... உள்ளே இழுத்தது. பேசுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. ஆனால் பேச்சு வரவில்லை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. அண்ணன் காரை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். சந்தேகமே இல்லை. ஒரே ஆளுடைய மூச்சைப் பல வருஷம் வெட்டியவருக்கு அடையாளம் தெரியாதா?

எப்படி ஓட்டிக்கொண்டு போனார் என்று அவருக்கே நினைவில்லை. நிலையத்து வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சின்ன ரேடியோ. அதிலும் அதே மூச்சு.

"உள்ள யாரு?" என்றார் அண்ணன்.

"யாரும் இல்லையே சார். சாவி உங்ககிட்டதான இருக்கு." ரேடியோவைத் தூக்கிக் காட்டினார். "ரொம்ப நேரமா யாரோ மூச்சு விட்டுட்டே இருக்காங்க சார். நீங்க வேற எங்கேருந்தோ டெஸ்ட் பண்றீங்கன்னு நெனச்சேன்."

அண்ணன் பூட்டைத் திறந்தார். நடைவழி இருட்டு. கடைசியில், பேசுகிற அறையின் கதவுக்கு மேலே... சிவப்பு விளக்கு எரிந்தது.

நீங்களும் நானுமாக இருந்தால் ஒன்று ஓடியிருப்போம், இல்லையென்றால் கதவை உடைத்திருப்போம். வானொலிக்காரர் என்ன செய்வார் தெரியுமா? சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் தொடக் கூடாது. உள்ளே ஒருவர் பேசுகிறார் என்று அர்த்தம். பெண்டாட்டி செத்துப்போன பிறகும் அந்த மனிதர் அதை மீறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பக்கத்து அறைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். நடுவில் பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டு. கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனை எடுத்தார். அதில் புதினா வாசனை அடித்தது.

பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினார். இந்த முறை ஒன்றையும் விடப்போவதில்லை.

ஒவ்வொன்றாக வந்தது. இது மழையில் நனைந்து ஓடிவந்த அன்று இழுத்தது. இது ஒரு கிழவரின் கடிதத்துக்குச் சிரிப்பை அடக்கியபோது. இது சண்டை போட்டுவிட்டு முகம் கொடுக்காமல் வந்து உட்கார்ந்த நாளில். எல்லாவற்றையும் அவரே வெட்டிய வரிசையில் கேட்டார். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருந்ததாம். சந்தோஷம்தான். பயமே வரவில்லை என்றார்.

பிறகு மூச்சு கனக்கத் தொடங்கியது. இழுப்பு நீண்டது. நடுவில் ஒரு விசில் மாதிரி... கீச்சென்று. வரிசை எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். அறைக்குள் இருப்பவரிடம் பேச அவர் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினார்.

"போதும்மா. எழுந்து வா. இன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடலாம். நிகழ்ச்சி கெடக்குது, யாராவது பாத்துப்பாங்க. நீ வா."

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அதைத்தான் சொன்னார்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல ஒரு அமைதி. அப்புறம்... ஒரு முழு மூச்சு. நிதானமாக, ஆழமாக, விசில் இல்லாமல். பதில் சொல்லப் போகிறார் என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

அதே நொடியில் சுவர்க் கடிகாரத்தில் நிலையம் திறக்கும் நேரம் வந்தது.

அவர் நினைக்கவே இல்லை. கை நினைத்தது. இத்தனை வருஷமும் விடிந்தால் செய்கிற வேலை. மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற கட்டையைக் கீழே இழுத்தது, தொடக்க இசையின் கட்டையை மேலே தள்ளியது. அந்த மூச்சு பாதியில் அறுந்தது. ஊர் முழுக்க இசை கேட்டது.

இசை நாலு சுரம் போவதற்குள் அவருக்கு உறைத்தது. ஐயோ என்று மைக்கை மறுபடி மேலே தள்ளினார். தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எழுந்து ஓடினார். கதவுக்கு மேலே விளக்கு அணைந்திருந்தது. உள்ளே காலி நாற்காலி.

அழுகிறவர்கள் அழுங்கள், இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது.

அவர் பதிவு செய்தார் இல்லையா... அதை அன்று மாலை போட்டுப் பார்த்தார். திரையில் ஒரே நேர்கோடு. மழை நாள் மூச்சு இல்லை, சிரிப்பு மூச்சு இல்லை, எதுவுமே பதியவில்லை. கடைசியில், அவர் கை மைக்கை மூடிய இடத்துக்கும் பிறகு, ஒரே ஒரு மலை நின்றது. ஒரே ஒரு சொல். அண்ணியின் குரல்.

"இப்பவுமாங்க?"

"கோபமா கேட்டாங்களாண்ணா?" என்று என் சிநேகிதி கேட்டிருக்கிறாள். அண்ணன் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கி அவளுக்குக் காட்டினார். சொல்லுக்கு முன்னால் விரலை வைத்தார். அங்கே மேடு இல்லை. வழவழவென்று கோடு மட்டும்.

"இதை நான் வெட்டலம்மா" என்றார். "சத்தியமா வெட்டல. அவ மூச்சு இழுக்காமலே கேட்டிருக்கா."