மூன்றாம் லயத்து நாய்கள்

– நான் கெளம்புற நேரத்துல இந்தக் குட்டிய ஏன் புள்ள மெரட்டுற?

– குரைக்குதான்னு பாக்குறேங்க. நீங்க மஸ்ஜித் தானா டவுனுக்குப் போயி மருத்துவச்சியக் கூட்டியாற வரைக்கும் எனக்குக் காவலு இதுதானே. வெளக்கமாத்த ஓங்கினேன், சுருண்டு படுத்துக்கிச்சு. சத்தமே இல்ல.

– தா பாரு, குட்டிதானே லா. பழகும்.

– மழ ஆரம்பிச்சப்ப மூணாம் லயத்து வீட்டு வரிசையிலேருந்து புடிச்சாந்தீங்க. இன்னும் மொனகுது, ஊளையிடுது, அவ்வளவுதான்.

– அங்க உள்ள நாயிங்க எல்லாம் அப்பிடித்தான் ஆயிருச்சு.

– முன்னாடி அப்பிடியா இருந்துச்சு? ரப்பர் வெல விழுந்து சனத்தையெல்லாம் ஊருக்குக் கப்பல் ஏத்துறதுக்கு முந்தி எத்தன விதமாக் குரைக்கும். கங்காணி வந்தா ஒரு மாதிரி. பன்னி வண்டிச் சீனன் வந்தா ஒரு மாதிரி. சோத்துச் சட்டிய எடுத்தா துள்ளித் துள்ளி, சின்னப்புள்ள கூப்பிடுறாப்புல. எங்கம்மா உள்ள ஒக்காந்துக்கிட்டே வாசல்ல யாருன்னு சொல்லிரும்.

– நான் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன சொல்லிச்சாம்?

– திருடன் வர்றான்னுச்சு.

– ஆமா லா, அதான் ஒன்னத் தூக்கிட்டு வந்துட்டேன்.

– சிரிக்காதீங்க. மனுசன் கேக்கத்தானே நாயி குரைக்குது. இப்ப இந்தத் தோட்டத்துல நம்ம ரெண்டு பேர விட்டா யாரு இருக்கா? யாருமில்லாத லயத்துல பொறந்த குட்டி இது. குரைக்கிறதையே கேட்டிருக்காது.

– நீ பேசிக்கிட்டே இரு. வந்துரும்.

– பேசாமயா இருக்கேன். நீங்க காவலுக்குச் சுத்தப் போயிட்டா வேற யாருகிட்ட பேசுறது?

– தா பாரு ஜெயமணி, பயந்துக்காத.

– பக்கத்துத் தோட்டத்துல கூரைத் தகரம் திருட வந்தவனுங்க, காவலுக்கு இருந்த தம்புசாமி மாமாவ வெட்டிப்போட்டுட்டுப் போனானுங்க. அங்க இருந்த ஒரு நாயும் குரைக்கலையாம்.

– இத யாரு ஒங்கிட்ட சொன்னா?

– கணக்கெழுதுற கிராணிதான். சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "அங்கமுத்து, பொண்டாட்டிகிட்ட சொல்லிராத"ன்னு ஊருக்கே கேக்குறாப்புல சொன்னாரே.

– நம்ம லயத்துத் தகரமெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்கு. அத எவன் தூக்கப் போறான். ஒன்னையும் சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போயிருவேன். ஆனா பாலத்து மேல தண்ணி ஓடுது, எறங்கி நடந்துதான் தாண்டணும்.

– என்னால முடியாதுங்க. வலி இடுப்புக்கு எறங்கிருச்சு. போங்கன்னும் சொல்ல மாட்டேங்குது வாயி, போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேங்குது.

– பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். கதவச் சாத்தித் தாப்பா போடு. நான் வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் போவேன்.

– போட்டுட்டேன்.

– கட்டையையும் முட்டுக் குடு.

– குடுத்துட்டேங்க.

– ஆ... கேட்டியா புள்ள? குரைச்சிருச்சு. என்னமா துள்ளித் துள்ளிக் குரைக்குது பாரு. நான் சொன்னேன்ல. இனி நிம்மதியாப் போவேன்.

– சைக்கிள எடுத்துட்டீங்களா?

– எடுத்துட்டேன். ஏன், வலி கூடிருச்சா?

– மெதுவாப் பேசுங்க. குட்டி என் மடியில கெடந்து நடுங்குது. குரைக்கிறது மூணாம் லயத்து நாயிங்க. அங்க யாரோ அதுங்களுக்குச் சோறு வைக்கிறாங்க.