பட்டியலில் இல்லாத பெயர்

துப்பாக்கி வரைகிறவர்கள் பெரும்பாலும் அதைப் புதியதாக வரைந்துவிடுவார்கள். அங்கேதான் பொய் தெரிந்துவிடும். நேற்று வாங்கிய ஸ்கூட்டரைப் பார்த்து அது யாருடையது என்று சொல்ல முடியாது. ஐந்து வருஷம் ஓடிய ஸ்கூட்டர் என்றால், ஓட்டுகிறவன் எந்தக் காலை ஊன்றி நிறுத்துகிறான் என்பதுகூடத் தெரிந்துவிடும். துப்பாக்கியும் அப்படித்தான். கறுப்பு எங்கே தேய்ந்து வெள்ளி தெரிகிறது, பிடியில் எந்தப் பக்கம் வியர்வை பட்டு மங்கியிருக்கிறது, இவை சரியாக இருந்தால் போதும். பார்க்கிறவன் நம்பிவிடுவான்.

வக்கீல் சார், நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் எனக்கு இதுதான்.

என் பெயர் ரத்தினவேல். சாத்தூர் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு தொண்ணூற்றெட்டில் ஓசூர் வந்தேன். சிப்காட்டை ஒட்டி சென்னகிருஷ்ணன் என்பவர் நடத்திய டூல் ரூமில் அன்றிலிருந்து இருக்கிறேன். பெரிய கம்பெனிகளுக்கு வண்டிப் பாகங்கள் வார்க்கும் அச்சு செய்து கொடுப்போம். ஒரு அச்சை மூன்று மாதம் உட்கார்ந்து செய்தாலும் அதில் செய்தவன் பெயர் இருக்காது. ஓர் எண்ணைக் குத்தி அனுப்பிவிடுவோம். தெருவில் போகிற வண்டிகளில் பாதியில் நான் செய்த அச்சில் வந்த ஏதாவது ஒரு பாகம் இருக்கும். யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக அப்போது நான் நினைத்ததில்லை.

தமிழரசன் தொரப்பள்ளிக்காரன். அப்பா சென்றாயன் கூலிவேலை பார்த்தே போய்ச் சேர்ந்தார். அம்மா கெம்பம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறவர். தங்கை சுசித்ரா தையல் கம்பெனியில் இருந்தாள். இவன் பெங்களூரில் அனிமேஷன் படித்துவிட்டு, எங்கள் முதலாளிக்கு கேட்டலாக் படங்கள் செய்து தர வந்தான். முதலாளி மாடியில் ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தார். அங்கேதான் பழக்கம்.

பெங்களூரில் ராமப்பன் என்று ஓர் ஏஜென்ட். வெளிநாட்டுக் கம்பெனிகளின் வீடியோ கேம்களுக்கு இங்கிருந்து படம் செய்து அனுப்புவார். ஒரு நகரம், அதில் கும்பல்கள், கார் திருட்டு, கொலை. அப்படி ஒரு விளையாட்டுக்கு இப்போது உண்மையில் புழங்கும் துப்பாக்கிகள் வேண்டும் என்றார். தமிழரசன் என்னிடம் வந்தான்.

“ரத்னா, எனக்கு தோலு தெரியும்டா. எலும்பு தெரியாது. நீ கூட இருந்தா செய்யலாம்.”

ஷிஃப்ட் முடிந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். இரண்டு வருஷம். வடிவம் என்னுடையது, மேலே வரும் நிறமும் கீறலும் அவனுடையது. இருபத்திரண்டு துப்பாக்கிகள் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரனை யோசித்துக்கொள்வோம். இது டாக்ஸி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தது, இது ரிட்டையர்டான போலீஸ்காரருடையது, என்று. அந்த இரண்டு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வீட்டில் நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். கெம்பம்மா ராகிக் களியும் கீரைக் குழம்பும் போடுவார். இது எங்கள் ஊரில் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அப்படிப்பட்ட சிநேகிதம்.

உலோகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பது தமிழரசனுக்குச் சரியாக வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டூல் ரூமில் யாரும் இல்லாதபோது வேண்டாத இரும்புக் கட்டி ஒன்றில் நான் ஒரு மாதிரித் துப்பாக்கி செய்தேன். ஒரே கட்டி. எதுவும் நகராது, சுடாது. குழல் வாயை மட்டும் பார்வைக்குக் கொஞ்சம் குடைந்திருந்தேன். அதை ஜன்னலில் வைத்து அவன் நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்தான். அப்படி ஒன்று இருப்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முதலாளியைக் கேட்காமல் செய்ததால் வெளியே சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டு நவம்பரில் விளையாட்டு வெளிவந்தது. ராமப்பன் ஒரு டிஸ்க் அனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் போட்டுப் பார்த்தோம். என்னுடைய கைத்துப்பாக்கியை ஒருவன் இடுப்பிலிருந்து எடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதன்பின் வேலை செய்தவர்களின் பெயர்கள் வந்தன. பதினோரு நிமிஷம் ஓடும் பட்டியல். நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரப் பெயர்கள், சீனப் பெயர்கள். ஆயுதங்கள் என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே தமிழரசன் பெயர்.

“ரத்னா, இங்க பாரு, இங்க பாரு” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். “உன்னுது அடுத்தாப்ல வரும், இரு.”

இருந்தேன். சமையல்காரர்கள் பெயர் வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனிக்காரர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்கள் வந்தன. முடிந்துவிட்டது.

“இன்னொருவாட்டி ஓட்டு” என்றேன். ஓட்டினான். பதினோரு நிமிஷமும் மறுபடி ஓடி முடிந்தது.

“நான் ரெண்டு பேரையும் எழுதித்தான்டா அனுப்புனேன்” என்றான். “அங்க எவனோ வெட்டி உட்டுட்டான். ராமப்பன் சார்கிட்ட கேக்கறேன்.”

“பரவால்ல, விடு” என்றேன்.

நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவனும் விட்டுவிட்டான். பரவாயில்லை என்று ஒருவன் சொன்னால் விட்டுவிடுவதா? இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு என் குரல் தெரிந்திருக்க வேண்டாமா? வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் காட்ட செல்போனில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டான். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயரைப் பார்த்து பெங்களூரில் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டது. டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும். நான் காலை எட்டு மணிக்கு அவன் வீட்டுக்குப் போய், பையை பைக்கில் வைத்து ரப்பர் டியூபால் கட்டிக் கொடுத்தேன். கெம்பம்மா சாப்பாடு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார்.

“ரத்னா கண்ணு, நீயும் கூடப் போயிருந்தா எனக்கு மனசுக்கு நல்லா இருந்திருக்கும்” என்றார்.

“நான் போயி மொதல்ல நிக்கறம்மா. அப்பறம் இவனுக்கும் கேட்டுப் பாக்கறேன்” என்றான் தமிழரசன்.

கேட்டுப் பார்க்கிறானாம். எனக்காக.

பையைத் திறந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை நான்தான் உள்ளே வைத்தேன். அதற்கு அடியில் அந்த இரும்பு மாதிரியை வைத்தேன். பழைய துணியில் சுற்றியிருந்தது.

மும்பைச் சம்பவம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கர்நாடக எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் பாகலூர் ரோட்டில் ஒரு ரூபாய் காயின் பூத்திலிருந்து போலீசுக்கு போன் செய்தேன். வண்டி எண்ணைச் சொன்னேன். பையில் துப்பாக்கி இருக்கிறது என்றேன். எடுத்த அதிகாரி, ஆள் எந்த ஊர் என்று கேட்டார். தொரப்பள்ளி என்றேன். தொரப்பள்ளியில் எந்தப் பக்கம் என்றார். காலனி என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நான் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இடம் கேட்டார், சொன்னேன்.

என் எண்ணமெல்லாம் ஒரு நாள்தான். முதல் நாளே வேலைக்குப் போக முடியாமல் அவன் நிற்க வேண்டும். நமக்கு உரியது கைக்கு வந்து நழுவினால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

எல்லையில் பிடிபட்டதும் அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். இது கேமுக்காகச் செய்த மாதிரி, செய்தது ரத்தினவேல், எப்படிப் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை என்று. நான் வைத்திருப்பேன் என்று அவன் சொல்லவில்லை. அதை ஏனோ அவன் நினைக்கவே இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை போலீஸ் டூல் ரூமுக்கு வந்தது. முதலாளி பதறிப்போய், தனக்கு எதுவும் தெரியாது என்றார். அது உண்மை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

“இத நீ செஞ்சதா அவன் சொல்றான்.”

“இல்லைங்க சார்” என்றேன்.

மாடியில் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். இருபத்திரண்டு துப்பாக்கிகள் இருந்தன, மேலிருந்தும் பக்கவாட்டிலும் அளவோடு. இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையில் பிடித்தது முடிக்காத துப்பாக்கி, இவையெல்லாம் வரைபடம், ஆள் கள்ளத்துப்பாக்கி செய்கிற கூட்டம், நக்சலாகவும் இருக்கலாம் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் எதையும் சேர்க்கவில்லை.

“இதெல்லாம் யார் வரஞ்சது?” என்று கேட்டார்.

நான் அந்த டிஸ்க்கைப் போட்டு பெயர்ப் பட்டியலை ஓடவிட்டேன். ஆயுதங்கள் என்ற தலைப்பு வந்ததும் நிறுத்தினேன். அதில் ஒரு பெயர்தான் இருந்தது. அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நீங்களே சொல்லுங்கள், அதில் நான் என்ன பொய் சொன்னேன்? என் பெயர் இருந்திருந்தால் அதையும் அவர் எழுதியிருப்பார்.

அவன் வலது கையைப் பற்றிக் கேட்டீர்கள். புதன்கிழமை படியில் விழுந்ததாக எழுதியிருக்கிறார்கள். மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். நான் அப்போது அங்கே இல்லை.

எட்டு மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. அந்த எட்டு மாதமும் அந்தக் குடும்பத்துக்கு யார் இருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். மனுக்கள் எழுதிக் கொடுத்தது நான். கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு சுசித்ராவை பஸ்ஸில் கூட்டிப்போனது நான். கெம்பம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தது நான். இந்தக் காலத்தில் கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று அவரே சொன்னார். போலீசிடம் ஏன் இல்லை என்றாய் என்று தமிழரசன் கேட்டதே இல்லை. ஜெயிலில் பார்க்கப் போனபோது அவனாகவே சொன்னான்: “நீ ஆமான்னு சொல்லியிருந்தா உன்னையும் உள்ள போட்டிருப்பானுங்க. வெளிய ஒரு ஆளு வேணுமில்ல.” என்னை அவன் அப்படிப் புரிந்துவைத்திருந்தான். நான் தலையாட்டினேன்.

அது சுடாத இரும்பு என்று பரிசோதனை அறிக்கை வந்தும் வழக்கு முடியவில்லை. படங்கள் இருந்தன அல்லவா. வெளியே வந்த பிறகு தமிழரசன் இடது கையால் மவுஸ் பிடித்துப் பழகினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கோடு நடுங்கும். ஒருநாள், போதும் என்று எழுந்துவிட்டான்.

போன மாதம் சுசித்ரா டூல் ரூமுக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். கையில் ஒரு தாள். முகம் வெளிச்சமாக இருந்தது. லீவு போட்டுவிட்டு பெங்களூர் போய், வீடு மாறிப் போயிருந்த ராமப்பனைத் தேடிப் பிடித்திருக்கிறாள். பட்டியலுக்குப் பெயர்கள் கேட்டு அவர் அனுப்பிய மெயிலுக்குத் தமிழரசன் போட்ட பதிலை அவர் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“அண்ணா, பாருங்க. ரெண்டு பேரு போட்டிருக்குது. உங்க பேருதான் மொதல்ல இருக்குது. ‘அளவுக்கு ஒரு இரும்பு மாதிரியும் ரத்தினவேல் செஞ்சாரு’ன்னு எழுதியிருக்குது. இது கோர்ட்ல போதுமில்ல? இனிமே நீங்க தைரியமா சொல்லலாம்.”

நான் தாளை வாங்கிப் படித்தேன். படித்த மாதிரி இருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

“இது உங்களுக்கு முன்னயே தெரியுமா?” என்றாள்.

“தெரியும்” என்றேன்.

கேட்டாள், சொன்னேன். ஒன்றரை வருஷத்தில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

“எப்பலேர்ந்து?”

அவள் தாளை என் கையிலிருந்து மெல்ல எடுத்து மடித்துக்கொண்டு போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருப்பாள்.

எப்போதிலிருந்து என்று அவளிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். போலீஸ் டூல் ரூமுக்கு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை. கம்ப்யூட்டரை அப்படியே எடுத்துப்போக வேன் வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. இன்ஸ்பெக்டர் கீழே முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றார், அவருக்குத் திரையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் அவன் மெயிலைத் திறந்தேன். அவன் உண்மையில் என்னதான் எழுதி அனுப்பினான் என்று பார்க்க நினைத்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் என்னுடையது. என் இனிஷியலைக்கூட சரியாகப் போட்டிருந்தான்.

அப்போது அவன் கை நன்றாக இருந்தது. நான் கீழே இறங்கிப் போய்ச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு வந்திருப்பான். அது எனக்குத் தெரிந்தது. நான் அந்த மெயிலை அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழித்தேன். பிறகு கான்ஸ்டபிளுக்கு ஒயர்களைக் கழற்றிக் கொடுத்தேன்.

துப்பாக்கியை வைத்தது நான். போன் செய்தது நான். மெயிலை அழித்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன், ரெண்டு பேரையும் எழுதினேன் என்றுதான் சொன்னான். என் பெயரை முதலில் எழுதினேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை. இரண்டு வருஷம் கூடவே இருந்தவன் அதை என்னிடம் மறைத்துவிட்டான். அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.