பேதி வீடியோவும் ஆறு டீச்சர்மாரும்

தாமிரபரணித் தண்ணீரில் சீனி குறைத்துப் போட்டாலும் டீ இனிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நர்சிங் கல்லூரியில் பத்தொன்பது வருஷமாகக் கேண்டீன் நடத்துகிற இந்த நேசையா சொன்னால் நம்பலாம்.

போன வருஷம் கல்லூரியில் பாடத்துக்கென்று ஒரு வீடியோ எடுத்தார்கள். அதில் பேதி நோயாளி நான்தான். நடுவில் படம் நின்று, 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்கும். பிள்ளைகள் திரையில் சரியான பதிலைத் தொட்டால் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பேன். தப்பாகத் தொட்டால் செத்துப்போவேன். பதினாலு விதமாகச் செத்திருக்கிறேன். ஒன்பதாவது சாவின்போது கேமராக்காரர் பாதியில் நிறுத்திவிட்டு, ஊருக்குப் போன் போட்டுத் தன் அப்பா சுகமா என்று கேட்டார்.

ஆனால் டீச்சர்மார் ஆறு பேரும் அதை வகுப்பில் போட மாட்டோம் என்றார்கள். மாதக் கடைசிக்குள் அவர்கள் சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் வீடியோவை அழித்துவிடுவதாகத் தாளாளர் சொல்லிவிட்டார்.

சொர்ணாம்பாள் டீச்சர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "வீடியோ நம்ம மேல வாந்தி எடுக்குமா, அண்ணாச்சி? ஒரு தடவையாவது துணியில படாம நர்சு ஆவ முடியுமா? அதுலயும் நீங்க சாவுததப் பாத்தா சிரிப்பால்லா வருது."

நான் கோபப்படவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீயில், வண்ணார்பேட்டையில் வாங்கிய பேதி மருந்தைக் கலந்தேன். இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போட்டிருந்ததால் இரண்டு பேர் இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினார்கள்.

பன்னிரண்டரைக்கு ஆறு பேர், இரண்டு கழிப்பறை. ஒன்றை நான் முந்தின நாளே பூட்டியிருந்தேன். பரீட்சை கொஞ்சம் கடினமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் பைய வீடியோவைப் போட்டுவிட்டேன். குலசேகரன்பட்டினத்து அபிஷா தொட்டுத் தொட்டுப் பார்த்தது. திரையில் நான் மூன்று தடவை செத்தபிறகு, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கக் கற்றுக்கொண்டது. சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் தேறிவிட்டார்கள். நடுவில் சொர்ணாம்பாள் டீச்சர் எடுத்த வாந்தி அபிஷாவின் சீருடையில் பட்டது. ஆக, அந்தக் குறையும் தீர்ந்தது.

கரைசல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதல் சம்மதக் கையெழுத்தைப் போட்டது அவர்தான். "இப்ப நீங்க சாவுததப் பாத்தா சிரிப்பே வரல, அண்ணாச்சி" என்றார்.

ஆமாம் ஐயா, கலந்தது நான்தான். எனக்கென்று இதில் ஒரு ஆசையும் கிடையாது, எல்லாம் பிள்ளைகள் படிப்புக்காக. வியாழக்கிழமைக்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. மாரடைப்பு வீடியோவிலும் நான்தான் நடித்திருக்கிறேன். அதை இன்னும் ஒரு டீச்சரும் ஒத்துக்கொள்ளவில்லை.