கீலுக்கடியில் ஒரு விரல்

மன்றத்தின் நடுவே மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் விழாத் தலைவர் தங்கராஜு அவர்களே! செம்மண் பாதையில் நடந்து நடந்து சிவந்த பாதங்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! பிள்ளைகளைப் பெற்று, பேணி, பேர் சொல்லும்படி வளர்த்துவிட்ட தாய்மார்களே! அந்தத் தாய்மாரில் ஒருவராய், மேடைக்கு இரண்டு முறை அழைத்தும் வர மறுத்து, மூன்றாம் வரிசையிலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் பஞ்சாலை அம்மா அவர்களே! செனாவாங் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு முடித்து, தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருக்கும் தோழர்களே, தோழியர்களே! வாசலில் மோட்டார் சைக்கிளின் மேல் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! உள்ளே நாற்காலி இருக்கிறது, வாருங்கள். நான் கடிக்க மாட்டேன். உங்கள் அனைவருக்கும் இந்த அமிர்தலிங்கத்தின் அன்பு கனிந்த வணக்கம்.

இந்தச் சுவா ஊர் மண்டபத்தில் எத்தனையோ விழா கண்டிருக்கிறோம். பட்டம் பெற்றவரைப் பாராட்டினோம். பந்தயத்தில் வென்றவரைப் பாராட்டினோம். இன்று நாம் பாராட்ட வந்திருப்பது, "தவறு என்னுடையது" என்று சொன்ன ஒரு பெண்ணை. ஆம், ஐயா! தவறு செய்ததற்காகவா மாலை என்று ஒரு பெரியவர் கேட்கிறார். கேளுங்கள், முழுவதும் கேளுங்கள். பிறகு நீங்களே சொல்லுங்கள், மாலை தகுமா தகாதா என்று.

பஞ்சாலை என்று பெயர் கொண்ட இந்த அம்மா இருபத்தாறு ஆண்டுகள், எண்ணெய் தரும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர். அவர் மகள் ஷாமினி. இதோ, மேடையின் ஓரத்தில் தரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். பொறியியல் படித்தார். நான் வேலை செய்யும் வாகனத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். ஏழாண்டுக்குப் பின் அவரிடம் ஒரு புதிய வண்டியை ஒப்படைத்தார்கள். காடும் மேடும் ஏறும் ஃபோர்வீல் வண்டி. சேறு கண்டால் சிரிக்கும், ஆறு கண்டால் இறங்கும். அதன் கூரை கென்வஸ் துணி; வேண்டும்போது சுருட்டிவிட்டு வானத்தைப் பார்த்தபடி போகலாம். அதன் கதவுகளையோ, வேண்டும்போது கழற்றி வைத்துவிட்டுக் காற்றோடு காற்றாய்ப் போகலாம்.

என்ன, பின்வரிசையில் சிரிப்பு? "எங்க வண்டியில கதவு தானா கழண்டு விழுது லா" என்கிறார் தம்பி. உம்முடையது விழுவது, இது கழற்றுவது. வேறுபாடு உண்டு, தம்பி!

கழற்றுவது எளிது, கழற்றியதை மாட்டுவதுதான் கடினம். கதவோடு பக்கக் கண்ணாடியும் போய்விட்டால் பின்னால் வரும் லாரியை எப்படிப் பார்ப்பது? கண்ணாடியைக் கதவிலிருந்து எடுத்து முன்தூணில் வைத்தார் ஷாமினி. கூரைத் துணிக்கு முதலில் போட்ட ஜிப்பு, நம் செம்மண் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு நகர மறுத்தது. ஜிப்பைத் தூக்கி எறிந்து, துணியின் ஓரம் தானே வழுக்கிச் செல்லும் தடம் போட்டார். மழை நம் ஊரில் சொல்லிக்கொண்டா வருகிறது? வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒருவரே கூரையை இழுத்து மூட வேண்டும். அதற்காக மழை வரும் பிற்பகல்களாகப் பார்த்து வெளியே நின்றார், நனைந்தார், திருத்தினார். இப்படி மூன்றாண்டு.

அந்த மூன்றாண்டும் அவரோடு உழைத்தவர் தம்பின் ஊரைச் சேர்ந்த ஹரோல்ட். சோதனை ஓட்டுநர். எந்தச் சேற்றிலும் வண்டியை இறக்கிப் பார்த்து, எது உடைகிறது, எது சிக்குகிறது என்று சொல்வது அவர் வேலை. கல்யாண வீட்டில்கூட வண்டிச் சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வார் என்று அவர் மனைவி குளோரியா சொல்வார். இருவரும் வந்திருக்கிறார்கள். வணக்கம், அம்மா.

ஒரு வியாழக்கிழமை காலை. தம்பின் பக்கத்து செம்பனைத் தோட்டத்தில் சோதனை ஓட்டம். கதவுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினார் ஹரோல்ட். மேகம் கூடியது. இறங்கிக் கதவை மாட்டப் போனார். கதவின் எடை இருபத்திரண்டு கிலோ. கதவில் இரண்டு இரும்பு முளைகள், வண்டியின் உடலில் இரண்டு குழிகள்; இவை சேர்ந்ததுதான் கீல். மேல்முளை மேல்குழியிலும் கீழ்முளை கீழ்க்குழியிலும் ஒரே நொடியில் இறங்க வேண்டும். மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும். கீழே இருப்பது தெரியாது. தோளில் கதவைத் தாங்கிக்கொண்டு, இடக்கை விரலால் கீழ்க்குழியைத் தடவித் தேடினார். செருப்படியில் சேறு வழுக்கியது. கதவு இறங்கியது. கீலுக்கடியில் விரல் இருந்தது.

சிரம்பான் மருத்துவமனையில் மருத்துவர்கள் முயன்றார்கள். சுட்டுவிரலின் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்பர்களே, இதுவரை நடந்தது விபத்து. இனி நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சம்.

ஐந்தாம் நாள் விசாரணை. தொழிலாளர் தரப்புப் பிரதிநிதியாக அந்த அறையில் அமர்ந்திருந்தவன் யார்? இந்த அமிர்தலிங்கம். அறிக்கை முன்பே தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஊழியரைச் சுட்டி ஒரே ஒரு சொல்: கவனக்குறைவு. வண்டி அறிமுகத்துக்கு நான்கே மாதம் இருந்தது. நிர்வாகத்துக்கு அது வசதியான சொல். ஹரோல்டைச் சோதனை வேலையிலிருந்து எடுத்துப் பண்டகசாலைக்கு அனுப்பிவிடுவதாகவும், அங்கே ஆபத்தில்லை என்றும் மேலாளர் பரிவோடுதான் சொன்னார். கெட்டவர் இல்லை அவர். அவசரத்தில் இருந்தவர்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஹரோல்ட் என்ன சொன்னார் தெரியுமா? "என் தப்புதான் லா. கைய எடுத்திருக்கணும், எடுக்கல." அடிபட்டவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கென்ன வேலை? கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். ஆம், திறந்தேன். உங்கள் முன்னால் மறைக்க மாட்டேன்.

அப்போது கதவைத் தட்டி உள்ளே வந்தார் ஷாமினி. அவரை யாரும் அழைக்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. மேசைமேல் கவிழ்த்தார். வேலைக்காரர்கள் போடும் கையுறைகள் விழுந்தன. ஒவ்வொரு கையுறையின் ஒரு விரலுக்குள்ளும் ஒரு கேரட். சில முழுசாக இருந்தன. சில நசுங்கிக் கூழாகி இருந்தன.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் பட்டறையில் தனியே நின்று அந்தக் கதவைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார். கீழ்க்குழியில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் கேரட் வைத்த கையுறையைக் கட்டி, முப்பது முறை. ஒன்பது முறை கேரட் நசுங்கியது. அடுத்த நாள் அவரால் வலத் தோளைத் தூக்க முடியவில்லை என்று பஞ்சாலை அம்மா பின்னால் எனக்குச் சொன்னார்.

மேலாளர் பொறுமையாகவே கேட்டார், ஹரோல்டே தன் தவறென்று ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று. ஷாமினி ஹரோல்ட் பக்கம் திரும்பினார்.

"இல்ல அண்ணே. உங்க கை அங்கதான் இருந்தாகணும். வேற எங்க வெச்சாலும் அந்தக் குழிய கண்டுபிடிக்க முடியாது. நான் அப்படித்தான் வரைஞ்சிருக்கேன்."

அந்தக் கட்டத்தில் இருக்கும் சொல்லை அடித்துவிட்டு, வடிவமைப்பின் குறை என்று எழுதும்படியும், வடிவமைத்தவர் பெயர் கேட்கும் இடத்தில் தன் பெயரைப் போடும்படியும் அவர் கேட்டுக்கொண்டார். அப்படி எழுதினால் வண்டியின் அறிமுகம் தள்ளிப்போகும், குழுத்தலைமை உன்னிடம் இருக்காது என்று மேலாளர் எச்சரித்தார். தெரியும் என்றார் ஷாமினி. சொன்ன சொல்லை மாற்றவில்லை.

நான் பேனாவை மூடினேன்.

அன்று என் கண்முன் வந்து நின்றவர் என் தந்தை மாயாண்டி. ரப்பர்ப் பால் கட்டியைத் தகடாக்கும் உருளையில் அவர் வலக்கை சிக்கியது. தோட்டத்துக் கணக்கர், அந்தக் கிராணி, எழுதிய காகிதத்தில் இருந்ததும் இதே சொல்தான். கவனக்குறைவு! அந்த உருளைக்கு முன் ஒரு தடுப்புக் கம்பி இருந்திருந்தால் அவர் கை தப்பியிருக்கும். அதை யாரும் எழுதவில்லை. சாகும்வரை, "நாந்தான் பாக்காம வெச்சிட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையை இயந்திரம் எடுத்தது. மிச்சமிருந்த மனிதனை அந்த ஒரு சொல் எடுத்தது.

செம்பனை மட்டை தலையில் விழுந்தவன் கவனக்குறைவு! மருந்தடித்துக் கண் கெட்டவள் கவனக்குறைவு! ஏணி முறிந்து விழுந்தவன் கவனக்குறைவு! முறிந்த ஏணியைக் கொடுத்தவனுக்குக் கவனம் இருந்ததா? முகமூடி இல்லாமல் மருந்துத் தொட்டியைத் தூக்கச் சொன்னவனுக்குக் கவனம் இருந்ததா? கேட்டோமா? நம்மில் ஒருவராவது கேட்டோமா? கை தட்டாதீர்கள், ஐயா. இது கை தட்டுகிற இடமில்லை.

சரி, பிறகு என்ன ஆயிற்று? சொன்னபடியே ஆயிற்று. வண்டி ஐந்து மாதம் தள்ளிப்போனது. குழுத்தலைமை வேறொருவருக்குப் போனது. ஷாமினி கோபித்துக்கொண்டு போகவில்லை. அதே பட்டறையில், பழைய பதவி இல்லாமல், அதே கீலை மறுபடி வரைந்தார். மேல்முளையைக் கீழ்முளையைவிடக் கட்டைவிரல் அளவு நீளமாக்கினார். இப்போது நீளமானது முதலில் இறங்கிக் கதவின் எடையைத் தாங்கிக்கொள்ளும். பிறகு கதவை மெல்லத் திருப்பினால் சிறியது தானாகத் தன் குழியைத் தேடிக்கொள்ளும். பிடிப்பதற்கு, கீலைவிட்டுத் தள்ளி, கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி. கதவும் பதினேழு கிலோவாகக் குறைந்தது.

முதலில் யார் மாட்டிப் பார்ப்பது? ஹரோல்டுதான் மாட்ட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வந்தார். கதவின் முன் நின்றார். கை எழவில்லை. நூறு சேற்றில் வண்டி இறக்கியவர், ஒரு கதவின் முன் வியர்த்து நின்றார். ஷாமினி அவரை ஊக்கவில்லை, உந்தவில்லை. கையுறையைக் கழற்றினார். தானே கதவைத் தூக்கினார். வெறும் விரலைக் கீழ்க்குழியின் அருகே வைத்தபடி கதவை இறக்கினார். முழு எடையும் மேல்முளையில் தொங்கியது. விரலை எடுத்துக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். மூன்றாம் முறை அவர் தூக்கும்போது ஹரோல்ட் வந்து கதவை வாங்கிக்கொண்டார்.

நாலரை விரல் கையால் அன்று இருபது முறை மாட்டினார் அந்த மனிதர். முடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஷாமினியிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "கைய எங்க வெக்கணும்னு இப்ப வண்டியே சொல்லுதும்மா."

சென்ற மாதம் வண்டி விற்பனைக்கு வந்தது. அறிமுக விழாவில் விளக்கு, இசை, புகை எல்லாம் இருந்தன. ஷாமினியின் பெயர் இல்லை. ஹரோல்ட் இன்றும் சோதனை ஓட்டுநர். விசாரணை அறிக்கை திருத்தப்பட்டது. என் கையெழுத்து அந்தத் திருத்திய தாளில்தான் இருக்கிறது.

மாலை தகுமா என்று கேட்ட பெரியவரே, இப்போது உங்களைக் கேட்கிறேன். தலையாட்டுகிறீர்கள். நன்றி, ஐயா.

இளைஞர்களே! நாளை உங்களில் சிலர் கதவு வரைவீர்கள், பாலம் வரைவீர்கள், இயந்திரம் வரைவீர்கள். சிலர் என்னைப் போலப் பேனாவோடு மேசையின் எதிரில் அமர்வீர்கள். ஒரு மனிதன் அடிபட்டு வந்து, என் தப்புதான் என்று தலைகுனிந்து நின்றால், அவன் சொல்லை உடனே எழுதிவிடாதீர்கள். எழுந்து போங்கள். அவன் நின்ற இடத்தில் நில்லுங்கள். அவன் கை வைத்த இடத்தில் கை வைத்துப் பாருங்கள். அதன் பிறகு எழுதுங்கள்!

பொறுமையோடு செவிசாய்த்த பெருமக்களுக்கும், இந்த மேடையைத் தந்த தலைவருக்கும், ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்தபடியே நின்ற தம்பிக்கும் என் நன்றி. ஏற்பாட்டாளர்கள் பொன்னாடையை என் கையில் கொடுத்திருக்கிறார்கள், ஷாமினிக்குப் போர்த்தும்படி. நான் போர்த்தப் போவதில்லை. அன்று பேனாவைத் திறந்தவன் நான். எனக்கு அந்த உரிமை இல்லை. ஹரோல்ட், மேடைக்கு வாருங்கள். உங்கள் கையால் போர்த்துங்கள்.

பஞ்சாலை அம்மா, நீங்கள் அங்கிருந்தே பார்க்கலாம். எல்லோருக்கும் வணக்கம்.