நிறுத்தும் பொத்தான்

லிஃப்ட் வர நேரமானால் ஆட்கள் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்துவார்கள், கவனித்திருக்கிறீர்களா சார்? எனக்குச் சிரிப்பு வரும். பொத்தான் சேதி சொல்லும், அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் உள்ளே இருக்கிற போர்டின் இஷ்டம். மெஷின்களுக்கு அந்த இஷ்டத்தைப் புரோகிராமாக எழுதிக் கொடுப்பதுதான் தொழிற்சாலையில் என் வேலை.

போர்டில் வயர் வந்து சேருகிற கம்பிக்கால்களைப் பின் என்போம், அதில் இரண்டு விதம் உண்டு. இன்டரப்ட் பின்னில் சேதி வந்தால், போர்டு செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடும், குழந்தை வீறிட்டால் தாய் ஓடுகிற மாதிரி. சாதாரண பின் அப்படியில்லை. போர்டு தன் வேலையை முடித்துவிட்டு, சாவகாசமாக எட்டிப் பார்க்கும். தகடு மடிக்கிற எங்கள் பழைய பிரஸ்ஸில் அவசரமாக நிறுத்தும் பொத்தானை இன்டரப்ட்டில்தான் வைத்திருந்தேன்.

அந்த பிரஸ்ஸை ஓட்டியவர் என் அக்காவின் கணவர். தங்கமான மனிதர், குறையே சொல்ல முடியாது. தகடு சிக்கினால் முழங்கையால் பொத்தானை இடித்துவிட்டுக் கையை உள்ளே விடுவார். "மெயினை அணைச்சிட்டுக் கைய விடுங்க மாமா" என்று நானே சொல்லியிருக்கிறேன். "நீ எழுதினது இருக்கும்போது எனக்கென்ன பயம் மாப்ள?" என்று சிரிப்பார்.

போன வாரம் அந்தப் பின்னைச் சாதாரண பின்னாக்கினேன். வயரைத் தொடவே இல்லை. போட்ட தகடெல்லாம் முடிந்த பிறகு பொத்தானைப் பார்த்தால் போதும் என்று மாற்றி எழுதினேன்.

தகடு சிக்கியது. பொத்தானை இடித்தார், கையை விட்டார். முதலில் மணிக்கட்டு போனது. பிரஸ் ஏறி மறுபடி இறங்கியது. சட்டை மாட்டிக்கொண்டு முழங்கை, அப்புறம் தோள். எலும்பு நொறுங்கும் சத்தம் தகடு மடியும் சத்தத்தைவிடச் சின்னதுதான் சார். "மாப்ள, நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே நின்றேன், எல்லோரும் பார்த்தார்கள். மெயின் ஸ்விட்ச் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. தலையும் உள்ளே போன பிறகுதான் போர்டு எட்டிப் பார்த்தது.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். அக்காதான் என்னை வளர்த்தாள். நான் கூப்பிட்டால் அடுப்பில் இருப்பதைக் கருகவிட்டு ஓடிவருவாள். கல்யாணத்துக்குப் பிறகு எப்போது போன் போட்டாலும், "இருடா, அவருக்குச் சாப்பாடு போட்டுட்டு கூப்பிடுறேன்." கூப்பிடுவாள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் தன் வேலையெல்லாம் முடிந்த பிறகு. எனக்கு வயிறு எரிந்தது சார்.

செய்தது நான்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் அக்காவுக்கு ஒரு போன் மட்டும் போட்டுக் கொடுங்கள். இனி அவளுக்கு வேறு வேலை இல்லையே. முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.